முந்திக்கொள்ளும் கை

எங்கள் அத்திம்பேருக்குச் சிறிய கைகள். பூப்போல மெத்தென்று இருக்கும். அவரோடு முதன்முறை கைகுலுக்குகிறவர்கள், இவர் கட்டட இன்ஜினியர், நாள் முழுக்க சிமென்டிலும் ஜல்லியிலும் நிற்கிறவர் என்று சொன்னால் நம்பமாட்டார்கள். அந்தக் கைகளைப் பற்றி எங்கள் குடும்பத்தில் ஒரு பேச்சு உண்டு. "தங்கமான மனுஷன். கைதான் கொஞ்சம் முந்திடும்." அம்மா இதைச் சொல்வாள், பெரியப்பா சொல்வார், கடைசியில் அக்காவும் சொல்வாள். வீட்டில் கட்டாமல் விட்டிருக்கிற நாயைப் பற்றிச் சொல்வதைப் போலத்தான் சொல்வார்கள். நாய் கடித்தால் நாய்க்காரன் என்ன செய்வான் என்கிற தொனியில்.

அவர் என் அக்காவைக் கல்யாணம் செய்துகொண்டபோது நான் பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தேன். ஆறு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, என்னைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு லஸ் கார்னர் பக்கம் போனார். சிக்னலில் ஒரு ஆட்டோ எங்கள் கதவை உரசிவிட்டது. அத்திம்பேர் நிதானமாக வண்டியை ஓரம் கட்டினார். இறங்கினார். ஆட்டோக்காரருக்கு அவரைவிட பத்து வயது கூட இருக்கும்.

"இன்னா சார், லேசா ஒரசுனதுக்குப் போயி எறங்கி வர்ற. பாலிஷ் போட்டா பூடும்..."

அவர் சொல்லி முடிக்கவில்லை. முதல் அடி காதோரத்தில் விழுந்தது. இரண்டாவது வாயில். மூன்றாவதுக்கு ஆட்டோக்காரர் தன் வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். காக்கிச் சட்டையில் ரத்தம் சொட்டியது. இத்தனைக்கும் அத்திம்பேர் ஒரு வார்த்தை பேசவில்லை, கெட்ட வார்த்தைகூட இல்லை. திரும்பி வந்து ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்து, கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டு, "பசிக்கறது. டிபன் சாப்பிடலாம் வா" என்றார்.

இரண்டு பொங்கல் சாப்பிட்டார். எனக்கு நெய் ரோஸ்ட் சொன்னார். பள்ளிக்கூடத்தில் பௌதிகம் எப்படிப் போகிறது என்று விசாரித்து, எனக்குப் புரியாமல் இருந்த ஒரு கணக்கைக் கை துடைக்கும் காகிதத்தில் போட்டுக் காட்டினார். அவ்வளவு தெளிவாக எனக்கு அதை யாரும் சொல்லித் தந்ததில்லை. அன்றைக்கு எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது. இன்று அதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் உண்மை அதுதான். அப்பா இல்லாத வீட்டில், எனக்காக ஒருவர் இறங்கி அடிப்பார் என்பது பெரிய விஷயமாகத் தெரிந்தது.

பெருவெள்ளம் வந்த வருஷம் அம்மாவுக்கு மூச்சுத்திணறல். நாங்கள் அப்போது அடையாறில், ஆற்றுக்குப் பக்கத்துத் தெருவில், மூன்றாவது மாடியில் இருந்தோம். கீழே இடுப்பளவு தண்ணீர். ஆம்புலன்ஸ் வர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு, எங்கள் தெருவுக்குள் ஒரு ஜீப் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தது. அந்த ஜீப்பை அத்திம்பேர் வாங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி. மந்தைவெளியில் அவர் வீடு இருக்கும் சந்துக்குள் அது சரியாக நுழையக்கூட நுழையாது. அம்மாவைக் குழந்தையைப் போல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு மூன்று மாடி இறங்கினார். ஆஸ்பத்திரியில் பதினோரு நாள், பகலெல்லாம் அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் அவர்தான் இருந்தார். அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டினார். அந்தப் பதினோரு நாளில் ஒரு நாள், டிரிப்ஸ் பாட்டிலை மாற்றத் தாமதம் செய்த வார்டு பாயைச் சுவரோடு சேர்த்துக் கழுத்தைப் பிடித்தார். அம்மா கட்டிலில் படுத்தபடி அதைப் பார்த்தாள். வீட்டுக்கு வந்த பிறகு என்னிடம் சொன்னாள்: "என்ன இருந்தாலும் நமக்காகத்தானேடா பண்றார்."

அவரிடம் அடிபட்டவர்கள் அவரை வெறுத்தார்கள் என்றாவது சொல்ல முடியுமா என்றால், அதுவும் இல்லை. பாண்டி பஜாரில் வண்டி நிறுத்துகிற இடத்தில் ஒருவர் இருந்தார். தீபாவளிக்கு முந்தின வாரம், இடமில்லை என்று கையை நீட்டி மறித்தவரின் விரல்களோடு சேர்த்து ஜீப்பின் கதவை அறைந்து சாத்திவிட்டார் அத்திம்பேர். "கையி, சார், கையி! கதவத் தொற சார்!" என்று அந்த மனிதர் அலறியது இப்போதும் என் காதில் இருக்கிறது. கதவைத் திறந்ததும் அவரை அதே ஜீப்பில் ஏற்றி, எக்ஸ்ரே எடுக்கும் இடத்தில் தோளை அணைத்துப் பிடித்துக்கொண்டு, கட்டு போட்டு, வீடு வரைக்கும் கொண்டுபோய் விட்டதும் அத்திம்பேர்தான். அடுத்த தடவை போனபோது அந்த ஆள் வளைந்துபோன விரலால் சலாம் வைத்து, "வா நைனா, உனுக்குன்னு எடம் வச்சிக்கினுகீறேன்" என்று வழிகாட்டினார். அத்திம்பேர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தியா, இப்ப என்ன ஆயிடுத்து?" என்றார். அது அவர் அடிக்கடி சொல்வது. எதை உடைத்தாலும், யாரை அடித்தாலும், கொஞ்ச நேரம் கழித்து அதைத்தான் கேட்பார். இப்ப என்ன ஆயிடுத்து?

அக்கா வாய்ப்பாட்டு சொல்லிக்கொடுப்பவள். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் அவள் வீட்டுக் கூடத்தில் பத்துப் பதினைந்து பெண்கள் உட்கார்ந்து பாடுவார்கள். சுருதிப்பெட்டியை எப்போதும் இடது பக்கம் வைத்துக்கொள்கிறவள், ஒரு நாள் பார்த்தால் வலது பக்கம் மாற்றி வைத்திருந்தாள். ஃபோன் வந்தால் வலது காதில் மட்டும் வைத்துப் பேசினாள். கச்சேரிக்குப் போனால் மேடைக்கு இடது ஓரமாகப் பார்த்து நாற்காலி பிடித்தாள், வலது காது பாட்டின் பக்கம் இருக்கும்படி.

"இடது காதுல என்னக்கா?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"பாத்ரூம்ல வழுக்கிட்டேன்டா. ஜவ்வு கிழிஞ்சிருக்காம்" என்றாள்.

நான் சரி என்றேன். அதற்கு மேல் கேட்கவில்லை. எனக்குத் தெரியாது என்று எழுதினால் அது பொய். எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும். அக்கா, அத்திம்பேரின் ஒரே பெண்ணுக்குத்தான் எல்லோருக்கும் முன்னால் தெரிந்திருக்க வேண்டும். பிளஸ் டூ முடித்ததும் சென்னையில் கிடைத்த இடத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கோயம்புத்தூரில் போய்ச் சேர்ந்தாள். லீவுக்குக்கூட அபூர்வமாகத்தான் வருவாள்.

கார் ஓட்ட எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில், விடிந்ததும் விடியாததுமாக. வண்டி நின்றுபோனால் மண்டையில் விரல் முட்டியால் ஒரு குட்டு விழும். ஆனால் அவரைப்போல் ஒரு வாத்தியார் கிடையாது. வண்டியின் சத்தத்தைக் கேட்கச் சொல்வார். ஊருக்குள் மெட்ரோ வேலைக்காக ரோட்டைத் தோண்டிப் போட்ட பிறகு அவருடைய ஆத்திரம் நாளுக்கு மூன்று தடவை வெளியே வந்தது. தடுப்புத் தகரத்தை எட்டி உதைப்பார். எதிரே வருகிற டெலிவரி பைக்கை மறித்து சாவியைப் பிடுங்குவார். அப்போதுதான் சனி ஞாயிறுகளில் ஜீப்பை எடுத்துக்கொண்டு மலைக்காடுகளுக்குப் போகத் தொடங்கினார். ரோடே இல்லாத இடங்களாகப் பார்த்துப் போவார். திரும்பி வரும்போது சேறும் சிரிப்புமாக இருப்பார். அக்கா இரண்டு தடவை கூடப் போனாள்.

"கரடுமுரடா இருக்கற ரோட்டுல அவருக்குக் கோபமே வரதில்லடா" என்று ஆச்சரியமாகச் சொன்னாள். "பாறைல வண்டி இடிச்சா இறங்கித் தடவிப் பாத்துட்டு, சிரிச்சுண்டு ஏறிப்பார். வேற மனுஷன் மாதிரி இருக்கார்."

போன வருஷம் ஆவணி மாதத்தில் அக்கா என் பெருங்குடி ஆபீசுக்கு ஃபோன் செய்தாள். வருகிற சனிக்கிழமை ஜவ்வாது மலைக்குப் போகிறோம், மேலே காட்டுக்குள் ஒரு ஏரி இருக்கிறதாம், நீயும் வா என்றாள். எனக்கு அன்றைக்கு வேறு வேலை இருந்தது.

"எனக்காக வாடா. அவர்ட்ட ஒண்ணு சொல்லணும். அங்க வச்சு சொல்லலாம்னு இருக்கேன். நீ பக்கத்துல இருந்தா போறும்."

"என்னக்கா சொல்லணும்?"

"கோயம்புத்தூர்ல ஒரு ஸ்கூல்ல பாட்டு டீச்சர் வேலை. ஒத்துண்டுட்டேன். இனிமே பொண்ணோட அங்கதான்."

விடிகாலையில் கிளம்பினோம். வேலூர் தாண்டி, மலையடிவாரத்தில் இட்லி சாப்பிட்டு, பத்தரை மணிக்குக் கடைசி ஊருக்கு வந்துவிட்டோம். அதோடு தார் ரோடு முடிந்தது. டீக்கடையில் ஒரு பெரியவர், "ரெண்டு நாளா மழைங்க. ஓடையில கல்லு பெரண்டு கெடக்குது. நடந்துதான் போவணும், வண்டி போவாதுங்க" என்றார். நான் பயந்துகொண்டே அத்திம்பேரின் முகத்தைப் பார்த்தேன். அவர் அந்தப் பெரியவரிடம் கைகட்டிக்கொண்டு, எந்த இடத்தில் கல், எவ்வளவு ஆழம், எந்தப் பக்கம் மண் இளகியிருக்கிறது என்று பத்து நிமிஷம் கேட்டுக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டு வந்தார்.

அங்கிருந்து ஏரி பதினாலு கிலோமீட்டர். மூன்று மணி நேரம் ஆனது. அது ரோடு இல்லை. எப்போதோ மரம் ஏற்றிப்போன லாரிகள் போட்ட இரண்டு பள்ளங்கள், நடுவில் இடுப்பளவு புல், ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் உண்ணிமுள் புதருக்குப் பின்னால் சரிவு. சில இடங்களில் படிக்கட்டு மாதிரி பாறை. அத்திம்பேர் ஒவ்வொரு பாறைக்கு முன்னாலும் நிறுத்தி, இறங்கி, நடந்து பார்த்துவிட்டு வந்து ஏற்றினார். அவர் கை ஸ்டியரிங்கில் பட்டும் படாமலும் இருந்தது. வண்டி ஒருக்களித்துச் சாய்ந்தபோது நான் கத்திவிட்டேன். "ஒண்ணும் ஆகாதுடா. அது கல்லு. அது மேல கோபப்பட்டா நம்ம வண்டிதான் உடையும்" என்றார். உருண்டு கிடந்த ஓடைக் கல்லை நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து நெம்பித் தள்ளினோம். அக்காவின் நெற்றியில் சேறு தெறித்திருந்தது. அதை அவர் தன் சட்டை நுனியால் துடைத்துவிட்டார். அந்த ஒரு கணம், அக்கா சொல்ல வந்ததைச் சொல்லாமலே இருந்துவிட்டால் என்ன என்று எனக்குத் தோன்றியது.

ஏரி மேலே ஒரு கிண்ணம்போல இருந்தது. டீத்தண்ணீர் நிறம். நடுவில் பட்டுப்போன மரங்கள் இலையில்லாமல் தண்ணீருக்குள் நின்றன. மனித வாடையே இல்லை. ஃபோனில் சிக்னல் இல்லை. அத்திம்பேர் முங்கிக் குளித்தார். தலையைத் துவட்டிக்கொண்டு வந்து பாறைமேல் உட்கார்ந்து, அக்கா தட்டில் வைத்துக் கொடுத்த எலுமிச்சை சாதத்தைச் சாப்பிட்டார். நன்றாக இருக்கிறது என்று மறுபடி வாங்கிக்கொண்டார். அப்போதுதான் அக்கா சொன்னாள். எதிரே உட்கார்ந்து, குரலை உயர்த்தாமல், பாட்டு சொல்லிக்கொடுக்கிற மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னாள். வேலை. ஊர். எந்தத் தேதியில் போகிறாள். திரும்பி வருவதாக இல்லை என்பது.

அவர் சாப்பிடுவதை நிறுத்தவில்லை. தட்டைக் காலி செய்தார். தண்ணீரில் கையைக் கழுவினார். நான் பெருமூச்சு விட்டேன். அவள் சொன்னது சரிதான், இந்த இடத்தில் அவர் வேறு மனிதர் என்று நினைத்தேன்.

ஈரக் கையோடு திரும்பி வந்து அவளை அறைந்தார்.

அவள் பாறையிலிருந்து பக்கவாட்டில் விழுந்தாள். தலைமுடியைப் பிடித்துத் தூக்கி மறுபடி அறைந்தார். பிறகு வயிற்றில் முட்டியால் இடித்தார். இதையெல்லாம் அவர் பேசாமல் செய்தார் என்பதுதான் பயங்கரம். ஏரிக்கரையில் அடி விழுகிற சத்தமும் அக்கா மூச்சு விடுகிற சத்தமும் தவிர வேறொன்றும் இல்லை. நான் என்ன செய்தேன்? கையில் சோற்றுத்தட்டோடு நின்றேன். "அத்திம்பேர், அத்திம்பேர்" என்று கூப்பிட்டேன். அவ்வளவுதான்.

அவர் ஓய்ந்ததும் அக்கா எழுந்தாள். உதட்டு ரத்தத்தைத் துப்பட்டாவில் ஒற்றிக்கொண்டாள். அவிழ்ந்த முடியை முடிந்துகொண்டாள். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, வந்த வழியே நடக்க ஆரம்பித்தாள்.

"எங்கடீ போறே? பதினாலு கிலோமீட்டர்!" என்று அவர் சிரித்தார். "போட்டும் விடு. அரை மணியில உக்காந்துடுவா." பாத்திரங்களைக் கழுவி ஒழுங்காக அடுக்கினார். ஒரு காகிதத்தைக்கூட கரையில் விடவில்லை. "ஏறு" என்றார். நான் ஏறினேன். அக்கா உட்கார்ந்து வந்த முன்சீட்டில் உட்கார்ந்தேன்.

ஒரு கிலோமீட்டர் தாண்டி அவளைப் பிடித்தோம். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. விலகி நிற்க அங்கே இடமும் இல்லை. அத்திம்பேர் வண்டியை முதல் கியரில் போட்டு அவளுக்குப் பின்னாலேயே விட்டார். நடை வேகம். பம்பருக்கும் அவள் முழங்காலுக்கும் நடுவில் ஒரு முழம். பிறகு ஒரு சாண். எஞ்சின் உறுமுகிற சத்தம் காட்டையே நிறைத்தது. அவர் என்னோடு சாதாரணமாகப் பேசிக்கொண்டு வந்தார். "அவ சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தானா? பிடிவாதம்?"

பம்பர் அவள் தொடையில் இடித்தது. தடுமாறினாள். விழவில்லை, நடந்தாள். மறுபடி இடித்தது. இந்தத் தடவை முன்னால் போய்க் கைகளை ஊன்றி விழுந்தாள். அவர் வண்டியை இரண்டடி பின்னால் எடுத்து நிறுத்தினார். அவள் எழுந்திருக்கும் வரை பொறுமையாகக் காத்திருந்தார்.

"அத்திம்பேர், நிறுத்திடுங்கோ. அவளை ஏத்திக்கலாம்."

ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே புறங்கையால் என் வாயில் ஒன்று கொடுத்தார். அதே கை கியருக்குத் திரும்பிவிட்டது. வண்டி நகர்ந்தது. அக்கா ஒரு காலை ஊன்றி எழ முயன்றுகொண்டிருந்தாள். கால் மடங்கி மறுபடி உட்கார்ந்தாள். இப்போது அவள் தலை பம்பர் உயரத்துக்கு இருந்தது. அவர் நிறுத்தவில்லை.

நான் ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். சாவியைத் திருப்பினேன். வண்டி குலுங்கி நின்றது. அவர் என் பக்கம் திரும்பினார். என் மடியில் ஒரு லிட்டர் ஸ்டீல் தண்ணீர்ப் புட்டி இருந்தது. அதால் அவர் முகத்தில் அடித்தேன். இடது கண்ணுக்குக் கீழே எலும்பில் பட்டு ஒரு சத்தம் வந்தது. நான் அதுவரை என் வாழ்நாளில் யாரையும் அடித்ததில்லை. இரண்டாவது அடி முதல் அடியைவிடச் சுலபமாக இருந்தது. மூன்றாவது அதைவிட. அவர் கைகளை எடுத்துத் தடுத்தார், நான் விரல்களின் மேலேயே அடித்தேன். பிறகு புட்டியைப் போட்டுவிட்டு முஷ்டியால் அடித்தேன். அவர் எப்போதோ தடுப்பதை நிறுத்திவிட்டார். எனக்கு அது தெரிந்தது. தெரிந்தும் அடித்தேன். அது சுகமாக இருந்தது. இதை நான் யாரிடமும் இதுவரை சொன்னதில்லை.

அக்கா வண்டியைப் பிடித்துக்கொண்டு நொண்டி வந்து, கதவைத் திறந்து என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள்.

"போறும்டா. போறும். செத்துடுவார்."

அவர் சாகவில்லை. முகம் முழுக்க ரத்தம். இடது கண் மூடிப்போயிருந்தது. ஒன்றும் புரியாத குழந்தையைப் போல எங்களைப் பார்த்தார். நானும் அக்காவும் அவரை இறக்கிப் பின்சீட்டில் உட்காரவைத்தோம். அக்காவுக்குக் கணுக்கால் வீங்கிக்கொண்டிருந்தது, இனி ஓர் அடி நடக்க முடியாது. ஓட்டுவதற்கு மிச்சம் இருந்தது நான்தான். நானோ பெருங்குடி ட்ராஃபிக்கைத் தாண்டி எதையும் பார்த்திராதவன்.

முதல் பாறை இறக்கத்தில் வண்டியை நிறுத்திவிட்டேன். கீழே பார்த்தால் வண்டியின் மூக்கு அந்தரத்தில் நிற்பதுபோல இருந்தது.

பின்னாலிருந்து அவர் குரல் வந்தது. ரத்தம் அடைத்த மூக்கோடு, மிக மெதுவாக. "லோ கியர்ல போடு. கிளட்ச்லேர்ந்து காலை எடு. பிரேக்கைத் தொடாதே. எஞ்சினே பிடிச்சுக்கும்."

நான் அசையவில்லை.

"அவர் சொல்றதைக் கேளு" என்றாள் அக்கா, முன்னால் பார்த்தபடி.

கேட்டேன். வண்டி ஒரு யானையைப் போல ஒவ்வொரு காலாக வைத்து இறங்கியது. "இப்ப இடது சக்கரத்தை அந்தக் கல்லு மேல ஏத்து. பள்ளத்துல விடாதே. அப்படித்தான். நன்னா இருக்கு." மிச்சமிருந்த பன்னிரண்டு கிலோமீட்டரும் அப்படித்தான் வந்தோம். ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டு அவர் சொன்னார், நான் செய்தேன். ஒரு தடவைகூட அவர் குரல் உயரவில்லை. ஓடையில் வண்டி வழுக்கி ஓரத்துக்குப் போனபோது, "பயப்படாதே, நான் இருக்கேன்" என்றார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வழியெல்லாம் எனக்குப் பசித்தது. வயிறு ஒட்டிக்கொள்கிற பசி. அதுதான் என்னை எல்லாவற்றையும்விட அதிகமாகப் பயமுறுத்தியது.

அடிவாரத்து ஊரில் இருந்த ஆஸ்பத்திரிக்கு ராத்திரி எட்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். டியூட்டியில் இருந்தவர் சின்னப் பெண், டாக்டரம்மா. எங்கள் மூன்று பேரையும் மாறிமாறிப் பார்த்தார். "என்னங்க ஆச்சு?"

எனக்கு முன்னால் அத்திம்பேர் பேசினார். "ஏரிக்குப் போற வழில வண்டி பாறைல ஏறிச் சாஞ்சுது. நான்தான் ஓட்டினேன். ஸ்டியரிங்ல மூஞ்சி இடிச்சுது. அவளுக்குக் கதவு பட்டுடுத்து. இவனுக்கு ஒண்ணும் இல்லை."

டாக்டரம்மா எழுத ஆரம்பித்தார். எனக்கு உள்ளே அப்பாடா என்று இருந்தது. வேலை, போலீஸ், ஊர் வாய், எல்லாவற்றிலிருந்தும் அவர் என்னை ஒரே வாக்கியத்தில் வெளியே எடுத்துவிட்டார். அவருடைய நல்ல கண் என்னைப் பார்த்தது. நமக்குள் இருக்கட்டும் என்பதுபோல.

"அப்படி எழுதாதீங்கோ டாக்டர்" என்றாள் அக்கா.

அவள் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வலது காது டாக்டரம்மா பக்கம் இருக்கும்படித் தலையைத் திருப்பிக்கொண்டாள். "வண்டி சாயலை. இவர் என்னை ஏரிக்கரைல அடிச்சார். அப்புறம் நடந்து போனவளை வண்டியால ரெண்டு தடவை இடிச்சார். அதுக்கப்புறம் என் தம்பி இவரை அடிச்சான். தண்ணிப் புட்டியால அடிச்சான். இவர் தடுக்கறதை விட்டப்புறமும் அடிச்சான். எல்லாத்தையும் எழுதிக்கோங்கோ."

"அக்கா..." என்றேன்.

"நீயும்தான்டா" என்றாள். "இனிமே யாருக்காகவும் நான் வழுக்கி விழ மாட்டேன்."

டாக்டரம்மா பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதிய தாளில் எழுதினார். போலீஸ் வந்தது. அக்கா மறுபடியும் அதையே, ஒரு சொல் மாறாமல் சொன்னாள். எனக்கு அவள்மேல் ஆத்திரமாக வந்தது, அதையும் ஒளிக்க விரும்பவில்லை. அவளுக்காகத்தானே அடித்தேன் என்று வாய்வரைக்கும் வந்தது. அந்த வார்த்தைகளை எங்கே கேட்டிருக்கிறேன் என்று நினைவு வந்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

இரண்டு தரப்பிலும் வழக்கு பதிவானது. எனக்கு எதிராக அவர் ஒரு வார்த்தை சொல்ல மறுத்துவிட்டார், போலீஸ் எவ்வளவோ கேட்டும். கோர்ட்டு இன்னும் முடியவில்லை. அக்கா கோயம்புத்தூரில் இருக்கிறாள். கணுக்கால் சரியாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் இருநூறு பிள்ளைகளை ஒரே குரலில் பாடவைக்கிறாள். விவாகரத்துக்கு அவர் எதிர்ப்புச் சொல்லவில்லை. அவருக்கு இடது கண்ணில் பார்வை திரும்பவில்லை. ஜீப்பை விற்றுவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

போன மாதம் ஒரு வேலையாக மயிலாப்பூர் போயிருந்தேன். குளத்துக்குப் பக்கத்தில், மெட்ரோ தடுப்புகளுக்கு நடுவே இருக்கிற குறுகிய வழியில், எனக்கு முன்னால் கையில் காய்கறிப் பையோடு அவர் போய்க்கொண்டிருந்தார். இளைத்திருந்தார். நான் அவருடைய இடது பக்கமாக வந்தேன். என்னை அவர் பார்க்கவில்லை. பேசாமல் பின்தங்கிவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் அவர் தயங்கித் தயங்கி ரோட்டைத் தாண்டக் காலை வைத்தார். இடது பக்கத்திலிருந்து ஒரு வேன் வேகமாக வந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

பாய்ந்து போய் அவர் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். வேன் காற்றடித்துவிட்டுப் போனது. பை விழுந்து கத்தரிக்காய்கள் உருண்டன. அவர் என் பக்கம் திரும்பினார். திரும்பினவர், இரண்டு கைகளையும் தூக்கி முகத்தை மூடிக்கொண்டு, தடுப்புத் தகரத்தோடு ஒண்டிக் குனிந்தார்.

"அத்திம்பேர், நான்தான்" என்றேன்.

"தெரியும்டா" என்றார். கைகளை இறக்கவில்லை.